புதுக் கணினி ஓடுது, படம் மட்டும் வரமாட்டுது: எங்கிருந்து தொடங்குவது?

காற்றாடிகள் சுற்றும், வண்ண விளக்குகள் மின்னும், மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்று ஒரு தடவை காட்டிவிட்டு இருண்டுவிடும். சொந்தக் கையால் கணினி பூட்டுகிற பலருக்கு முதல் இரவு இப்படித்தான் போகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா ரேடியோ, டிவி பழுது பார்த்த கடையை இப்போது நான் கணினிக் கடையாக நடத்துகிறேன். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள், தாமான் (குடியிருப்புப் பகுதி) பிள்ளைகள், சிங்கப்பூரில் வேலை செய்து லீவுக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் இணையத்தில் சாமானை ஒவ்வொன்றாக வாங்கி, காணொளி பார்த்துப் பூட்டி, கடைசியில் "அக்கா, போர்டு செத்துப் போச்சுலா" என்று வந்து நிற்பார்கள். போர்டு என்றால் எல்லாச் சாமானும் மாட்டப்படும் மதர்போர்டு, தாய்ப்பலகை.

பெரும்பாலும் செத்திருக்காது. ஒரு கேபிள் தவறான துளையில் இருக்கும், இல்லையென்றால் ரேம் (நினைவகக் குச்சி) முழுசாக அமுங்கியிருக்காது. அதைக் கண்டுபிடிக்கப் புது சாமான் வாங்க வேண்டியதில்லை, ஈப்போவுக்கு ஓடவும் வேண்டியதில்லை. காசு கேட்காத காரணங்களை முதலில் பார்த்து முடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்த இரண்டாவதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். கேபிளை மாற்றி, ரேமை மாற்றி, பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்பையும் அழித்துவிட்டு, படம் வந்ததும் சந்தோஷமாக மூடி போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் மறுபடி படம் போகும்போது, அன்றைக்கு எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

திருப்புளியைத் தொடுவதற்கு முன்

ஆன் செய்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்று கவனியுங்கள். எதுவுமே அசையவில்லையா? ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடுகிறதா? தொடர்ந்து ஓடியும் படம் வரவில்லையா? மூன்றும் வேறு வேறு கோளாறு.

எதுவுமே அசையாவிட்டால் மின்சாரம் உள்ளே போகவில்லை, அல்லது ஆன் பொத்தானின் சொல் போர்டுக்கு எட்டவில்லை. சுவர் சுவிட்ச், எக்ஸ்டென்ஷன், பவர் சப்ளையின் பின்னால் உள்ள சுவிட்ச் இவற்றைப் பாருங்கள். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் என்றால் ஆஃப். நம் ஊர் மூன்று கால் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது, அது போயிருந்தாலும் இதே கதைதான். வீட்டில் வேறு கணினியின் கேபிள் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மலிவான சில பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும். நம் மின்சாரம் 230 வோல்ட். அதை 115இல் வைத்து ஆன் செய்தால் 'டமார்' என்ற சத்தத்தோடு பவர் சப்ளையின் ஆயுள் முடிந்துவிடும். புது சாமானைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தச் சுவிட்சைத்தான்.

மின்சாரம் சரி என்றால், கேஸின் முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டை ஒயர் போர்டின் கீழ் மூலையில் சரியான ஊசிகளில் இருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, பவர் சுவிட்சுக்குரிய இரண்டு ஊசிகளையும் திருப்புளி முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் போதும், போர்டு நல்லதாக இருந்தால் கிளம்பிவிடும். கிளம்பினால் குற்றம் பொத்தானில், அல்லது அதன் ஒயரில்.

துடித்து நின்றுவிடுகிற கணினியைத் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். எங்கோ ஷார்ட் ஆகிறது, பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிக்கொள்கிறது. கேஸின் உள்தட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் இருக்கும். அளவில் சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு வாங்கியவர்கள், பெரிய ஏடிஎக்ஸ் போர்டுக்கான கால்களையும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றால் அது போர்டின் முதுகைக் குத்தி ஷார்ட் ஆக்கும். போர்டுக்குப் பின்னால் தவறி விழுந்த ஒரு ஸ்க்ரூவும் இதே வேலையைச் செய்யும். கேஸைச் சாய்த்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், ஏதாவது உருளும் சத்தம் வருகிறதா என்று.

இனி அதிகம் பேர் மாட்டிக்கொள்வது: எல்லாம் ஓடும், படம் வராது.

மானிட்டர் பக்கம்

முதலில் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது? கேஸின் பின்னால், யுஎஸ்பி துளைகளோடு மேலே சேர்ந்திருப்பது போர்டின் எச்டிஎம்ஐ. கீழே தனியாகப் படுக்கை வரிசையில் இருப்பது, படம் தரும் கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ. கார்டு போட்டிருந்தால் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் கை முதலில் போவது மேலே உள்ள துளைக்கு. பத்தாயிரம் வெள்ளிக்குக் கணினி பூட்டியவர்களும் இதைச் செய்வார்கள்.

போர்டின் துளையில் படம் வருமா வராதா என்பது பிராசசரைப் பொறுத்தது. இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஐ5 12400இல் உண்டு, 12400எஃப்இல் இல்லை. ஏஎம்டியில் ரைசன் 5 5600, 5600எக்ஸ் இரண்டிலும் இல்லை, 5600ஜிஇல் உண்டு. ரைசன் 7600இல் சின்னதாக ஒன்று உண்டு, 7500எஃப்இல் கிடையாது. விலை குறைவு என்று 'எஃப்' வாங்கிவிட்டு, கார்டுக்குச் சம்பளம் வரட்டும் என்று காத்திருக்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன்: அதுவரை எத்தனை தடவை கழற்றிப் பூட்டினாலும் படம் வராது. கூட்டாளியிடம் ஒரு கார்டு கடன் வாங்குங்கள்.

மானிட்டர் நல்லதா என்று பார்க்க எளிய வழி, வீட்டில் அஸ்ட்ரோ (கட்டண டிவி) பெட்டி இருந்தால் அதிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளை எடுத்து மானிட்டரில் மாட்டுவது. ஏதாவது தெரிந்தால் மானிட்டரும் அந்தக் கேபிளும் நலம். அதே கேபிளை அப்படியே கணினிக்குக் கொண்டு வாருங்கள். மானிட்டரின் பொத்தானில் 'சோர்ஸ்' எது என்றும் பாருங்கள். எச்டிஎம்ஐ 1, 2 என்று இரண்டு இருந்தால், கேபிள் ஒன்றிலும் மானிட்டர் இன்னொன்றிலும் காத்துக்கொண்டிருக்கலாம்.

அப்புறம் கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பொத்தானைத் தட்டுங்கள். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் கணினி உள்ளே உயிரோடு எழுந்துவிட்டது, படம் வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. நேராகக் கார்டையும் கேபிளையும் கவனியுங்கள். விளக்கு அசையாவிட்டால் கணினி இன்னும் எழவே இல்லை.

மாமா வீட்டுப் பழைய கார்டைப் புதுப் போர்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012க்கு முந்தைய பல கார்டுகளுக்கு யூஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) தெரியாது. பழைய முறையைத் தாங்கும் 'சிஎஸ்எம்' அமைப்பு புதுப் போர்டில் அணைந்திருந்தால், அல்லது அறவே இல்லாவிட்டால், கார்டு நல்லதாக இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கும்.

பிராசசருக்குத் தனிச் சோறு

போர்டில் அகலமான 24 ஊசி இணைப்பை யாரும் மறப்பதில்லை. மறப்பது போர்டின் மேல் இடது மூலையில், காற்றாடிக்கும் கேஸ் கூரைக்கும் இடையில் ஒளிந்திருக்கும் எட்டு ஊசி இணைப்பை. அதுதான் பிராசசருக்கு மின்சாரம் தருகிறது. அது இல்லாவிட்டாலும் காற்றாடிகள் சுற்றும், விளக்குகள் மின்னும், படம் வராது. இடம் நெருக்கமாக இருப்பதால் பெரிய கூலரை மாட்டிவிட்ட பிறகு கை நுழையாது, "அப்புறம் மாட்டிக்கலாம்" என்று விட்டுவிட்டு மறந்துபோவார்கள்.

இதில் இன்னொரு குழப்பம். கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் கேபிளும் எட்டு ஊசிதான். பிராசசர் கேபிள் நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டு கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். ஊசிகளின் வடிவம் வேறு, ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போட முடியாது. முடிகிறது என்றால் பலத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம், நிறுத்துங்கள். சில போர்டில் எட்டோடு கூட ஒரு நான்கு ஊசி இடமும் இருக்கும். சாதாரண உபயோகத்துக்கு அது காலியாக இருந்தாலும் போர்டு எழுந்துவிடும்.

கார்டில் மின் இணைப்புத் துளை இருந்தால் அது காலியாக இருக்கக் கூடாது. புது கார்டுகளில் வரும் 16 ஊசி இணைப்பு இடைவெளியே தெரியாதபடி முழுசாக உள்ளே போக வேண்டும். அரைகுறையாக நின்றால் படம் வராதது மட்டுமில்லை, சூடாகி உருகும் ஆபத்தும் உண்டு.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளை வைத்திருப்பவர்கள், பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் மாட்டவே மாட்டாதீர்கள். கணினிப் பக்கத்து முனை ஒரே மாதிரி இருந்தாலும் பவர் சப்ளை பக்கத்தில் எந்த ஊசிக்கு எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் கூட மாறும். படம் வராத கணினியாக ஆரம்பித்தது, ஹார்ட் டிஸ்க் எரிந்த கணினியாக முடியும்.

ரேம், பொறுமை

ரேமைத் தொடுவதற்கு முன் சுவர் பிளக்கை உருவிவிட்டு, ஆன் பொத்தானை ஒரு தடவை அமுக்கி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேஸின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான், ஆனால் ஏர்கான் அறையில் அந்தச் சலுகை கிடையாது.

ரேம் குச்சியைப் பிள்ளைகள் பயந்து பயந்து மாட்டுவார்கள். இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து, 'கிளிக்' என்று கேட்கும் வரை அழுத்த வேண்டும். போர்டு கொஞ்சம் வளைவது போல் தெரியும், பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் பூட்டு உள்ள போர்டுகளில், பூட்டு இல்லாத முனைதான் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு நிற்கும். நான்கு இடம் உள்ள போர்டில் இரண்டு குச்சி என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஒரே குச்சி என்றால் பெரும்பாலான போர்டில் இரண்டாவது. பழைய தலைமுறை ரேமான டிடிஆர்4உம் புதிய டிடிஆர்5உம் பார்வைக்கு அண்ணன் தம்பி என்றாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று உட்காராது.

செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்கியிருந்தால் தங்க நிறப் பல் வரிசையில் கறை படிந்திருக்கும். பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைத்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். இதைக் குறை சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் இந்த மேசையில் ரப்பர் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது பொறுமை. ஏஎம்டியின் புது வகை சாக்கெட்டான (பிராசசர் உட்காரும் இடம்) ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ரேம் போட்டு முதல் தடவை ஆன் செய்தால், போர்டு ஒவ்வொரு ரேமையும் சோதித்துத் தனக்கேற்ற வேகத்தைக் கணக்குப் போடும். அது முடியும் வரை திரை கறுப்பு. ரேம் அளவு பெரிதாக ஆகப் பல நிமிடங்கள் எடுக்கும், நடுவில் தானாக அணைந்து மறுபடி எழவும் கூடும். நம் ஆட்கள் முப்பது விநாடி பார்த்துவிட்டுச் சுவிட்சை அணைப்பார்கள். மறுபடி ஆன் செய்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இப்படியே ராத்திரி முழுவதும் ஓடும். ஒரு தம்பி ரேம், போர்டு இரண்டையும் திருப்பி அனுப்ப பொட்டலம் கட்டிவிட்டு, அனுப்புவதற்கு முன் கடைக்குக் கொண்டு வந்தான். ஆன் செய்துவிட்டு, பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வாப்பா என்று அனுப்பினேன். திரும்பி வந்தபோது பயாஸ் பக்கம் திரையில் இருந்தது. பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள், அதற்குப் பிறகு கவலைப்படலாம்.

போர்டு பேசுவது

இப்போதைய பல போர்டில் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எழும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே மாட்டிக்கொண்டது. டிராம் நின்றால் ரேம், விஜிஏ நின்றால் கார்டு அல்லது அதன் மின் இணைப்பு. சிபியு நின்றால் எட்டு ஊசி இணைப்பு, பிராசசர் ஊசி, பயாஸ் இவற்றில் ஒன்று. பூட் மட்டும் நின்றால் பயப்பட ஒன்றுமில்லை, விண்டோஸ் இன்னும் போடவில்லை என்றுதான் அர்த்தம்.

விளக்கு இல்லாத மலிவு போர்டுக்குச் சில வெள்ளிக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கி மாட்டலாம். ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டு 'பீப்' என்று கத்தினால் நல்ல செய்தி: பிராசசரும் போர்டும் உயிரோடு இருக்கின்றன, ரேம் இல்லை என்று புகார் சொல்லும் அளவுக்குத் தெளிவாகவும் இருக்கின்றன.

வெளியே எடுத்துப் பூட்டுவது

இதுவரை ஒன்றும் பலிக்கவில்லை என்றால் போர்டைக் கேஸிலிருந்து வெளியே எடுங்கள். சலிப்பான வேலை, ஆனால் இதைத் தள்ளிப் போடுகிறவர்கள்தான் வீணாகச் சாமான் வாங்குகிறார்கள். போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள், நிலைமின்சாரத்தைத் தடுக்கும் மின்னுகிற பையின் மேல் வேண்டாம், சில பைகளின் வெளிப்புறம் மின்சாரம் கடத்தும். பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை. பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் கார்டும் வேண்டாம். டிஸ்க், யுஎஸ்பி, வண்ண விளக்கு, கேஸ் காற்றாடி எதுவும் வேண்டாம். திருப்புளியால் ஆன் செய்யுங்கள்.

படம் வந்தால் கோளாறு கேஸில், அல்லது நீங்கள் இன்னும் மாட்டாத சாமானில். ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் ஆன் செய்து பார்த்தால் குற்றவாளி தானே மாட்டும். படம் வராவிட்டால் ரேமை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள். அதன் பிறகு சிமோஸ் (பயாஸ் அமைப்புகள் பதியும் இடம்): பிளக்கை உருவி, போர்டில் உள்ள சிஆர்2032 வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போடுங்கள். புதுப் போர்டுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது, ரேம் வேகத்தை ஏற்றிய பிறகு படம் போனவர்களுக்குத்தான் உதவும்.

பவர் சப்ளையைப் பேப்பர் கிளிப்பால் சோதிக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அது எழுகிறதா என்று மட்டும் தெரியும், பாரத்தைத் தாங்குமா என்று தெரியாது. கடன் வாங்கிய நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டிப் பார்ப்பதே மேல்.

பயாஸ், மழை

போர்டு பழைய ஸ்டாக், பிராசசர் புதுசு என்றால் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாது. 2018இல் வந்த பி450 போர்டுகளுக்கு 2020இல் வந்த ரைசன் 5000 தெரிய வேண்டுமானால் பயாஸ் புதுப்பித்திருக்க வேண்டும். இன்டெல் பி760 போர்டில் 14ஆம் தலைமுறை பிராசசர் போட்டாலும் இதே நிலைமை வரலாம். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் பிராசசருக்கு எந்தப் பயாஸ் எண் வேண்டும் என்று பட்டியல் இருக்கும்.

பின்னால் பயாஸ் ஃபிளாஷ் பொத்தான் உள்ள போர்டு என்றால் கவலை இல்லை, பிராசசர் ஏற்காமலேயே புதுப்பிக்கலாம். எஃப்ஏடி32ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் கோப்பைப் போட்டு, கையேடு சொல்கிற பெயரை வைத்து, குறித்த யுஎஸ்பி துளையில் செருகி, பொத்தானை அமுக்க வேண்டும். எம்எஸ்ஐ போர்டுக்கு ஒரு பெயர், கிகாபைட் போர்டுக்கு வேறு பெயர். பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் வேலை நடக்காது. பொத்தான் இல்லாத போர்டு என்றால் பழைய பிராசசர் ஒன்றை மாட்டித்தான் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

இந்த வேலையைக் காலையில் செய்யுங்கள். மதியத்துக்கு மேல் நம் பக்கத்தில் இடியும் மழையும் எப்போது வரும் என்று தெரியாது, பாதியில் கரண்ட் போனால் பயாஸ் கெட்டுவிடும். இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். இணைய ரவுட்டருக்கும் இதே சட்டம்.

ஊசிகள், திருப்பி அனுப்புதல்

கடைசியில்தான் பிராசசரைத் தூக்கிப் பாருங்கள். ஏஎம்டியின் பழைய ஏஎம்4இல் ஊசிகள் பிராசசரின் அடியில், இன்டெல்லிலும் ஏஎம்5இலும் போர்டின் சாக்கெட்டில். ஏஎம்4 கூலரை நேராக இழுத்தால் நடுவில் தடவிய பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். கணினி ஓட முடிந்தால் கொஞ்சம் சூடாக விட்டு, அணைத்து, கூலரை இடம் வலம் மெல்லத் திருகி எடுங்கள். பிராசசரின் அடியில் வளைந்த ஊசியை, உள்ளே உள்ள கரிக்குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சில் முனையால் பொறுமையாக நிமிர்த்தலாம். சாக்கெட்டின் ஊசி வேறு விஷயம், முடியைவிடக் கொஞ்சம் தடிமன்தான், பூதக்கண்ணாடியும் நடுங்காத கையும் இல்லாமல் தொடாதீர்கள். ஊசி எல்லாம் நேராக இருந்தும் ஒரு ரேம் இடம் மட்டும் வேலை செய்யாவிட்டால் கூலர் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, எதிர் எதிர் மூலையாகச் சமமாக முறுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் அதிகம் அழுத்தினால் சாக்கெட்டில் தொடர்பு விட்டுப்போகும்.

இத்தனைக்குப் பிறகும் படம் வரவில்லை என்றால் ஏதோ ஒன்று உண்மையிலேயே பழுது. வாரண்டிக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் சாக்கெட்டை வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போகிற வழியில் ஊசி வளைந்ததா, முன்பே வளைந்திருந்ததா என்ற பேச்சு வந்தால் கையில் சாட்சி வேண்டும். சாக்கெட்டின் மேல் வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் திரும்பப் போட்டுத்தான் போர்டை அனுப்ப வேண்டும், அது இல்லாவிட்டால் வாங்க மறுப்பார்கள். பூட்டிய அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தால் கடைக்கு வாங்க, ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன், உங்கள் சாக்கெட்டுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.